மளிகைக் கடை பில்லிங் அப்ளிகேஷன்: டேபிளில் தொடங்கி பேக்கப் வரை ஒரு எஸ்க்யூலைட் வழிகாட்டி

பில்லிங் அப்ளிகேஷன் எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் திரையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பட்டன், பாக்ஸ், பிரின்ட் எல்லாம் முடிந்தபிறகு, எங்கேயாவது சேமித்தாக வேண்டுமே என்று இரண்டு டேபிள் போடுகிறார்கள். ஆறு மாதத்தில் ஸ்டாக் கணக்கு உதைக்கும். ஒரே பில் எண் இரண்டு பேர் கையில் இருக்கும். அரிசி விலையை மாற்றியதும் போன மாத பில்லின் தொகையும் சேர்ந்து மாறியிருக்கும். இதில் எதுவும் திரையின் பிழை அல்ல. விதிகளை டேட்டாபேஸிடம் ஒப்படைக்காமல், புரோகிராம் எழுதுபவரின் ஞாபகசக்தியை நம்பியதால் வந்த வினை.

இந்த வழிகாட்டிக்கு எடுத்துக்கொள்ளும் கடை சிறியது: இரண்டு கவுன்டர், சுமார் 3,000 பொருட்கள், நாளைக்குச் சில நூறு பில். மொழி பைத்தான், டேட்டாபேஸ் எஸ்க்யூலைட். 2000-இல் ரிச்சர்ட் ஹிப் உருவாக்கிய இது தனி சர்வர் கேட்காது. முழு டேட்டாபேஸும் ஒரே ஃபைல். பைத்தானோடு சேர்ந்தே வருகிறது. இந்த அளவு கடைக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. கட்டளைகளை இங்கே ஒலிப்பு முறையில் எழுதியிருக்கிறோம். கணினியில் அடிக்கும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில் அடிக்கவும். டேபிள் பெயர்களைத் தமிழிலேயே வைத்தாலும் எஸ்க்யூலைட் ஏற்றுக்கொள்ளும். ஆனால் நாளைக்கு வேறொருவர் அந்தக் கோடைத் திறந்து விசைப்பலகையை மாற்றி மாற்றித் திண்டாடுவார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கனெக்‌ஷன் திறந்ததும் செய்ய வேண்டியவை

முதலில் பதிப்பைப் பாருங்கள். பைத்தானின் எஸ்க்யூலைட்3 மாட்யூலில் எஸ்க்யூலைட்_வெர்ஷன் என்ற மதிப்பு அதைச் சொல்லும். கீழே வரும் எல்லாமே ஓட 3.37 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். பழைய லினக்ஸ் கணினிகளில்தான் பெரும்பாலும் தடங்கல் வரும்.

அடுத்து, ஒவ்வொரு கனெக்‌ஷனைத் திறந்தவுடனும், அதாவது புரோகிராம் டேட்டாபேஸோடு இணையும் ஒவ்வொரு முறையும், இந்த நான்கு அமைப்பு வரிகள்:

பிராக்மா ஜர்னல்_மோட் = டபிள்யூஏஎல்;
பிராக்மா ஃபாரின்_கீஸ் = ஆன்;
பிராக்மா பிஸி_டைம்அவுட் = 5000;
பிராக்மா சிங்க்ரனஸ் = ஃபுல்;

மாற்றங்களை முதலில் தனி ஃபைலில் எழுதும் டபிள்யூஏஎல் முறையில் ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே மற்றவர்கள் படிக்கலாம். முதலாளி உள்ளே ரிப்போர்ட் எடுக்கும்போது கவுன்டர் நிற்காது. ஒருமுறை போட்டால் இது ஃபைலிலேயே பதிந்துவிடும். மற்ற மூன்றும் அப்படியல்ல, ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் புதிதாகச் சொல்ல வேண்டும். முக்கியமாக ஃபாரின் கீ, அதாவது ஒரு டேபிளில் குறிப்பிடும் ஐடி மற்ற டேபிளில் உண்மையில் இருக்க வேண்டும் என்ற விதி. எஸ்க்யூலைட்டில் அது இயல்பாக அணைந்தே இருக்கும். டேபிளில் ரெஃபரன்ஸ் எழுதிவிட்டோம், இனி கவலையில்லை என்று இருப்பீர்கள். அது சத்தமே போடாமல் இல்லாத பொருளுக்கும் பில் போட விடும். டிரான்சாக்‌ஷனுக்கு (முழுதாக நடக்கும் அல்லது எதுவுமே நடக்காத கட்டளைத் தொகுதிக்கு) நடுவில் இந்த வரியைக் கொடுத்தாலும் பலனில்லை. பிழையும் காட்டாது, வேலையும் செய்யாது.

எழுதியது டிஸ்கில் பதியும்வரை காத்திருப்பதா என்று சொல்லும் சிங்க்ரனஸை 'நார்மல்' என்று மாற்றினால் வேகம் கூடும் என்று பல இடங்களில் படிப்பீர்கள். டபிள்யூஏஎல் முறையில் அதனால் ஃபைல் கெடாது, உண்மைதான். ஆனால் மின்சாரம் போன நொடியில், பதிந்துவிட்டதாகச் சொன்ன கடைசி சில பில்கள் காணாமல் போகலாம். வாடிக்கையாளர் கையில் இருக்கும் பில் கணினியில் இல்லை என்ற நிலை கடைக்கு ஆகாது. யூபிஎஸ் இருந்தாலும் 'ஃபுல்' என்றே விடுங்கள்.

ரூபாய் வேண்டாம், பைசா. கிலோ வேண்டாம், கிராம்

பைத்தானில் 0.1 + 0.2 என்று கொடுத்தால் 0.30000000000000004 வரும். பின்னத்தை இரும எண்ணில் வைக்கும் எந்த மொழியிலும் இதே கதைதான். எஸ்க்யூலைட்டில் தசமத்துக்கென்று தனி வகை இல்லை. டெசிமல் என்று எழுதினாலும் உள்ளே மிதவைப் புள்ளியாகத்தான் போய்ச் சேரும். ஆகவே பணத்தை முழு எண்ணாகப் பைசாவிலும், எடையை முழு எண்ணாகக் கிராமிலும் வையுங்கள். பாக்கெட்டுப் பொருளுக்கு எண்ணிக்கை. எது எந்த அலகு என்று பொருள் டேபிளில் ஒரு ஃபீல்டு.

கிலோ 47.50 ரூபாய்ச் சர்க்கரை 325 கிராம் என்றால் கணக்கு 4750 × 325 ÷ 1000 = 1543.75 பைசா. முழுமையாக்க (4750 × 325 + 500) என்பதை ஆயிரத்தால் முழு எண் வகுத்தல் செய்யுங்கள், 1544 வரும். பைத்தானின் ரவுண்டு ஃபங்ஷனை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அது சரிபாதியில் நிற்கும் எண்ணை இரட்டைப்படைப் பக்கம் தள்ளும்: 2.5-ஐக் கொடுத்தால் 2 தரும். கடைக்காரர் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்து ஒரு பைசா இடிக்கிறதே என்று கேட்பார்.

வரி உள்ளடங்கிய விலையைப் பிரிப்பதில் இன்னொரு சிக்கல் உண்டு. 99 ரூபாய்ப் பொருளுக்கு 5% ஜிஎஸ்டி. வரிக்கு முந்தைய மதிப்பு 9900 × 100 ÷ 105 = 9428.57, அதாவது 9429 பைசா என்று எடுத்தால் மீதி வரி 471. அதை மத்திய வரி, மாநில வரி என்று சரிபாதியாகப் பிரிக்க முடியாது. எனவே வரிசையைத் திருப்புங்கள். முதலில் பாதி வரியைக் கணக்கிட்டு முழுமையாக்குங்கள்: 9900 × 2.5 ÷ 105 = 235.71, ஆக 236. இரண்டு பாதியும் 472. மொத்தத்திலிருந்து அதைக் கழித்தால் 9428. மூன்றையும் கூட்டினால் சரியாக 9900. வரி வீதத்தையும் முழு எண்ணாக வையுங்கள்: 5% என்றால் 500.

எண் போலத் தெரிந்தாலும் எண்ணாக வைக்கக் கூடாதவை சில. ஜிஎஸ்டிக்காகப் பொருளை வகைப்படுத்தும் ஹெச்எஸ்என் குறியீடு வெண்ணெய், நெய்க்கு 0405. எண்ணாக வைத்தால் 405 ஆகிவிடும். பார்கோடு, தொலைபேசி எண், பின்கோடு எல்லாம் டெக்ஸ்ட்தான். கூட்டவோ பெருக்கவோ போவதில்லை என்றால் அது எண் இல்லை, அவ்வளவே.

டேபிள்கள்

ஐந்து டேபிள் போதும்: பொருள், பில், பில்_ஐட்டம், ஸ்டாக்_நகர்வு, பில்_எண். பொருள் டேபிளின் வடிவம் இது (பிரைமரி கீ என்றால் ரெக்கார்டின் தனி அடையாளம், நாட் நல் என்றால் காலியாக விடக் கூடாது, யூனிக் என்றால் ஒரே மதிப்பு இரண்டுமுறை வரக் கூடாது, செக் என்றால் அந்த நிபந்தனை பொருந்த வேண்டும்):

கிரியேட் டேபிள் பொருள் (
  ஐடி இன்டிஜர் பிரைமரி கீ,
  பெயர் டெக்ஸ்ட் நாட் நல் யூனிக்,
  வரிசைச்_சாவி டெக்ஸ்ட் நாட் நல்,
  பார்கோடு டெக்ஸ்ட் யூனிக்,
  ஹெச்எஸ்என் டெக்ஸ்ட் நாட் நல்,
  அலகு டெக்ஸ்ட் நாட் நல் செக் (அலகு இன் ('கிராம்', 'எண்ணிக்கை')),
  விலை_பைசா இன்டிஜர் நாட் நல் செக் (விலை_பைசா > 0),
  வரி_வீதம் இன்டிஜர் நாட் நல் செக் (வரி_வீதம் பிட்வீன் 0 அண்ட் 4000),
  இருப்பு இன்டிஜர் நாட் நல் டிஃபால்ட் 0
) ஸ்ட்ரிக்ட்;

கடைசியில் உள்ள 'ஸ்ட்ரிக்ட்' என்ற சொல்லை விட்டுவிட்டால், விலை ஃபீல்டில் 'ஐம்பது' என்று எழுத்தில் போட்டாலும் எஸ்க்யூலைட் வாங்கி வைத்துக்கொள்ளும். மற்ற டேட்டாபேஸ்களிலிருந்து வருபவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இது. 3.37-இல், 2021-இல்தான் இந்த வசதி வந்தது. பழைய பாடங்களில் தேடினால் கிடைக்காது.

பில்_ஐட்டம் டேபிளில் பொருளின் ஐடி மட்டும் இருந்தால் போதாது. விற்ற நேரத்து விலை, வரி வீதம், பெயர் மூன்றையும் அங்கே நகலெடுத்து வையுங்கள். ஒரே தகவலை இரண்டு இடத்தில் வைக்கக் கூடாது என்று பாடத்தில் படித்தது இங்கே பொருந்தாது. இன்றைய விலை வேறு தகவல், அன்று விற்ற விலை வேறு தகவல். 2025 செப்டம்பர் 22 அன்று நெய்க்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. சோப்பு, பற்பசை 18-இலிருந்து 5-க்கு இறங்கின. வரி வீதத்தைப் பொருள் டேபிளில் மட்டும் வைத்திருந்தால், மாற்றிய மறுகணம் ஆகஸ்ட் மாத ரிப்போர்ட்டும் 5 சதவீதத்தில் கணக்குப் போடும்.

ஸ்டாக்_நகர்வில் ஒவ்வொரு வரவும் செலவும் தனி ரெக்கார்டு: பொருள், அளவு (கொள்முதல் கூட்டல், விற்பனை கழித்தல்), காரணம், எந்த பில். பொருள் டேபிளில் இருக்கும் 'இருப்பு' வசதிக்கான கூட்டுத்தொகை மட்டுமே. உண்மை நகர்வில்தான் இருக்கிறது. தினமும் கடை அடைக்கும்போது இரண்டையும் ஒப்பிடும் ஒரு கேள்வியை ஓட்டினால், கணக்கு எந்த நாளில் பிசகியது என்று அன்றே தெரியும்.

இருப்பு சுழியத்துக்குக் கீழே போகக் கூடாது என்று செக் போடலாமா? புத்தகப்படி போட வேண்டும். மளிகைக் கடைக்கு நாங்கள் வேண்டாம் என்போம். காலையில் வந்திறங்கிய மூட்டையின் கொள்முதல் பதிவு மாலையில்தான் நடக்கும். வாடிக்கையாளர் கையில் பொருள் இருக்கும்போது கணினி 'இல்லை' என்று மறுத்தால், கவுன்டரில் இருப்பவர் வேறு பொருளின் பெயரில் பில் போட்டு அனுப்பிவிடுவார். அப்போது இரண்டு பொருளின் கணக்கும் கெடும். கழித்தலில் போக விடுங்கள், இரவு ரிப்போர்ட்டில் சிவப்பில் காட்டுங்கள். ரயில் டிக்கெட்டோ மருந்தோ விற்பதாக இருந்தால் மட்டும் செக்கைப் போடுங்கள்.

ஒரு பில் எப்படிப் பதிவாக வேண்டும்

அப்ளிகேஷனின் உயிர்நாடி இந்தப் பகுதி. பில் தலைப்பு பதிந்து ஐட்டம் பதியாமல் போவது, ஐட்டம் பதிந்து ஸ்டாக் குறையாமல் போவது இரண்டும் நடக்கவே கூடாது. எல்லாம் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள்.

பைத்தானின் எஸ்க்யூலைட்3 மாட்யூல் தானாகவே டிரான்சாக்‌ஷன் தொடங்கும் பழக்கம் உள்ளது. இன்சர்ட், அப்டேட் வரும்போது மட்டும் தொடங்கும், செலக்டுக்குத் தொடங்காது. எது எப்போது திறக்கிறது என்று ஊகித்துக்கொண்டிருப்பதைவிட, கனெக்ட் செய்யும்போது ஐசொலேஷன்_லெவல் = நன் என்று கொடுத்து, கட்டுப்பாட்டை நீங்களே எடுத்துக்கொள்வது நல்லது. பிறகு வரிசை இது.

முதலில் 'பிகின் இம்மீடியட்'. வெறும் 'பிகின்' அல்ல. வெறும் பிகின் எழுதும் உரிமையை உடனே வாங்காது. முதல் எழுத்து வரும்வரை படிப்பவராகவே இருக்கும். நீங்கள் ஒரு செலக்ட் ஓட்டியபின், மற்ற கவுன்டர் ஏதாவது எழுதி முடித்துவிட்டால், நீங்கள் எழுத முயலும்போது 'டேட்டாபேஸ் இஸ் லாக்ட்' என்று வரும். இதில் கவனிக்க வேண்டியது, 5 விநாடி காத்திருக்கச் சொன்ன பிஸி டைம்அவுட் இங்கே செல்லுபடியாகாது. நீங்கள் படித்து வைத்த நிலை ஏற்கெனவே பழசாகிவிட்டது, காத்திருந்தும் பயனில்லை என்பதால் உடனடியாகப் பிழை வரும். டைம்அவுட்டை 30,000 ஆக்கிப் பார்த்தும் சரியாகவில்லையே என்று தவிப்பவர்களின் பிரச்சினை பெரும்பாலும் இதுதான். இம்மீடியட் என்றால் எழுதும் உரிமை தொடக்கத்திலேயே கிடைக்கும், அல்லது முறைப்படி காத்திருக்கும்.

இரண்டாவது, பில் எண். ஜிஎஸ்டி விதி 46-இன்படி பில் எண் தொடர்ச்சியாக, ஒரு நிதியாண்டுக்குள் தனித்ததாக, 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும். தானாக எண் ஏற்றும் ஆட்டோஇன்க்ரிமென்ட் தொடர்ச்சிக்கு உத்தரவாதம் தராது. ஏப்ரல் 1 அன்று 1-க்குத் திரும்பவும் செய்யாது. அதிகபட்ச எண்ணைப் படித்து ஒன்று கூட்டும் முறையில், லாக் இல்லாமல் படித்தால் இரண்டு கவுன்டருக்கும் ஒரே எண் கிடைக்கும். எனவே பில்_எண் டேபிளில் நிதியாண்டுக்கு ஒரு ரெக்கார்டு:

இன்சர்ட் இன்டு பில்_எண் (ஆண்டு, கடைசி) வேல்யூஸ் (?, 1)
ஆன் கான்ஃபிளிக்ட் (ஆண்டு) டூ அப்டேட் செட் கடைசி = கடைசி + 1
ரிட்டர்னிங் கடைசி;

ஆண்டு ஃபீல்டு பிரைமரி கீயாக இருக்க வேண்டும். ஆண்டின் முதல் பில்லுக்கு 1 வரும், அடுத்தடுத்து ஏறும். டிரான்சாக்‌ஷன் ரோல்பேக் ஆனால் (பாதியில் ரத்தாகிப் பழைய நிலைக்குத் திரும்பினால்) எண்ணும் பின்வாங்கிவிடும், இடைவெளி விழாது. இதோடு நில்லாமல் பில் டேபிளில் (ஆண்டு, எண்) இரண்டுக்கும் சேர்த்து யூனிக் போடுங்கள். புரோகிராமில் நாளை யாராவது கைவைத்தாலும் டேபிள் காக்கும்.

மூன்றாவது, பில் தலைப்பு, ஐட்டங்கள், நகர்வுகள் ஆகியவற்றின் இன்சர்ட். நான்காவது, இருப்பைக் குறைப்பது. இதை எப்போதும் 'செட் இருப்பு = இருப்பு - ?' என்றே எழுதுங்கள். இருப்பைப் பைத்தானுக்குக் கொண்டுவந்து, கழித்து, விடையைத் திருப்பி எழுதுவது ஆபத்து. 10 பாக்கெட் இருக்கிறது. இரண்டு கவுன்டரும் 10 என்று படிக்கின்றன. ஒன்று 3 விற்று 7 எழுதுகிறது, மற்றது 2 விற்று 8 எழுதுகிறது. அலமாரியில் இருப்பது 5, கணினியில் 8.

பிறகு கமிட், அதாவது எல்லாவற்றையும் நிரந்தரமாகப் பதிவது. வழியில் எந்தப் பிழை வந்தாலும் ரோல்பேக். கமிட் ஆனபிறகுதான் பிரின்டருக்கு அனுப்ப வேண்டும். முதலில் அச்சடித்துவிட்டுப் பதிவு தோற்றால் வாடிக்கையாளரிடம் இருப்பது ஆவி பில். அதேபோல் யூபிஐ பணம் வரும்வரை டிரான்சாக்‌ஷனைத் திறந்து வைத்துக் காத்திருக்காதீர்கள். அத்தனை நேரமும் அடுத்த கவுன்டர் பூட்டிக் கிடக்கும். மனிதருக்காகவோ நெட்வொர்க்குக்காகவோ காத்திருக்கும் எதுவும் பிகினுக்கும் கமிட்டுக்கும் நடுவில் வரக் கூடாது.

சேவ் பட்டனை அவசரத்தில் இரண்டுமுறை தட்டுவது தினமும் நடக்கும். பட்டனை மங்கச் செய்வது பாதித் தீர்வுதான். புதிய பில் திரை திறக்கும்போதே ஒரு யூயூஐடி (திரும்ப வராத தனி அடையாளக் குறி) உருவாக்கி, பில் டேபிளில் யூனிக் ஃபீல்டாக அதையும் பதியுங்கள். இரண்டாவது தட்டலை டேட்டாபேஸே மறுத்துவிடும்.

தவறான பில்லை டிலீட் செய்யாதீர்கள். 'ரத்து' என்று நிலையை மாற்றி, எதிர்மறை நகர்வு பதியுங்கள். எண் வரிசை உடையாது.

கேள்விக்குறி போடும் பழக்கம்

மதிப்புகளைச் சரத்தோடு (எழுத்துத் தொடரோடு) ஒட்டிக் கட்டளை எழுதுவது ஹேக்கர் வந்தால்தான் ஆபத்து என்பதில்லை. லேஸ், கெல்லாக்ஸ் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஒற்றை மேற்கோள் குறி வரும். ஒட்டி எழுதிய இன்சர்ட் அங்கேயே முறிந்துவிடும். எப்போதும் '?' வைத்து, மதிப்புகளைத் தனியாகக் கொடுங்கள். ஒரே ஒரு மதிப்பு என்றால் அடைப்புக்குறிக்குள் கடைசியில் காற்புள்ளி கட்டாயம். இல்லாவிட்டால் பைத்தான் அந்தச் சரத்தையே பட்டியலாக எடுத்துக்கொண்டு, 'தேவை 1, கொடுத்தது 13' என்ற பொருளில் பைண்டிங் பிழை காட்டும். பார்கோடு தேடலில் 13 என்ற எண்ணைப் பிழையில் பார்த்தால் காரணம் அந்தக் காற்புள்ளிதான்.

டேபிள் பெயருக்கும் ஆர்டர் பை ஃபீல்டுக்கும் கேள்விக்குறி ஒத்துவராது. அனுமதித்த பெயர்களின் பட்டியல் ஒன்றைக் கோடில் வைத்து, அதிலிருந்து மட்டும் தேர்ந்தெடுங்கள்.

தேதி

எஸ்க்யூலைட்டின் கரன்ட்_டைம்ஸ்டாம்ப் யூடிசி நேரம் தரும். இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கியது. அதிகாலை 4.45-க்குப் பால் பாக்கெட் விற்றால் முந்தைய நாள் 23.15 என்று பதியும். ஏப்ரல் 1 விடியற்காலை விற்பனை போன நிதியாண்டில் போய் உட்காரும். இதற்கு இரண்டு ஃபீல்டு வையுங்கள்: துல்லிய நேரம் யூடிசியில் முழு எண் விநாடியாக, 'வணிக_நாள்' இந்திய நேரப்படி '2025-09-22' என்ற வடிவில் டெக்ஸ்ட். ரிப்போர்ட் எல்லாம் வணிக நாளை வைத்தே. '22-09-2025' என்று நாளை முன்னால் வைத்தால் வரிசைப்படுத்தும்போது மாதங்கள் கலந்துவிடும்.

தமிழ்ப் பெயர்கள்

'கொத்தமல்லி' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக அடிக்க முடியும். ஒகரக் குறி ஒரே குறியீடாக இருக்கலாம். அல்லது எகரக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, டேட்டாபேஸுக்கு வேறு வேறு. யூனிக் இருந்தும் இரண்டு கொத்தமல்லி பதிவாகும். சேமிப்பதற்கு முன்பும் தேடுவதற்கு முன்பும் பைத்தானின் யூனிகோட்டேட்டா மாட்யூலில் உள்ள நார்மலைஸை 'என்எஃப்சி' என்று கொடுத்து ஓட்டுங்கள், இரண்டு விதமும் ஒரே வடிவமாகிவிடும். முன்பின் இடைவெளிகளையும், இணையத்திலிருந்து ஒட்டும்போது தொற்றி வரும் கண்ணுக்குத் தெரியாத சுழிய அகலக் குறிகளையும் நீக்குங்கள். ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் 'ள' எழுத்தும் அடித்தவரை மட்டும் என்எஃப்சி காப்பாற்றாது. அது எழுத்துப் பிழை.

நீளமும் ஏமாற்றும். 'தமிழ்' கண்ணுக்கு மூன்றெழுத்து. எஸ்க்யூலைட்டின் லெங்த் 5 என்று சொல்லும். ஃபைலில் 15 பைட். ஆரக்கிள் டேட்டாபேஸில் சர ஃபீல்டை வார்சார்2(50) என்று இயல்பு நிலையில் விட்டால் அது 50 பைட், தமிழில் 16 குறியீடுதான் கொள்ளும். எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸில் என்வார்சார் வகையும், சரத்துக்கு முன் 'என்' எழுத்தும் இல்லாவிட்டால் தமிழ் கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்படும். பிறகு மீட்க வழியே இல்லை.

அகரவரிசைதான் பெரிய வேலை. யூனிகோடு குறியீட்டு வரிசையில் ன, ற, ழ, ள எல்லாம் 'வ'வுக்கு முன்னால் நிற்கின்றன. புள்ளி உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் நிற்கிறது. அதனால் ஆர்டர் பை பெயர் என்று கேட்டால் படிகாரம் முன்னும் பட்டாணி பின்னும் வரும். கறிவேப்பிலை முன்னும் கவுனி அரிசி பின்னும் வரும். நம் அகராதி வரிசை இரண்டிலும் நேரெதிர். பொருள் டேபிளில் வரிசைச்_சாவி என்று ஒரு ஃபீல்டு வைத்தது இதற்குத்தான். மெய்க்கு ஈரிலக்கம் கொடுங்கள்: க 01, ங 02 என்று ன 18 வரை, ஜ, ஷ, ஸ, ஹ அதற்குப் பின். உயிருக்கு அ 01 முதல் ஔ 12, புள்ளி 00. தனி உயிரெழுத்துக்கு மெய் இடத்தில் 00, ஆய்தத்துக்கு 0013. பட்டாணி இப்போது 0901 0500 0502 0603; படிகாரம் 0901 0503 என்று தொடங்கும். 0500 சிறியது, பட்டாணி முன்னால் வந்துவிட்டது. பைத்தானில் சொந்த கொலேஷன் (வரிசைப்படுத்தும் விதி) எழுதியும் இதைச் செய்யலாம். ஆனால் அந்த ஃபைலை வேறு கருவியில் திறந்தால் அந்தக் கொலேஷன் இல்லை என்று பிழை வரும். சாவி ஃபீல்டு எங்கேயும் வேலை செய்யும், விரைவாகத் தேட உதவும் இன்டெக்ஸும் போடலாம்.

பெயரில் ஒரு பகுதியைத் தேட 'லைக்' போதும். 3,000 பொருளை முழுதாக அலசினாலும் கண் இமைக்கும் நேரம்தான். லட்சக்கணக்கான பெயர்கள் என்றால் எஸ்க்யூலைட்டின் உரைத் தேடல் வசதியான எஃப்டிஎஸ்5 வேண்டும். அதன் இயல்பான யூனிகோட்61 டோக்கனைசர் (உரையைச் சொற்களாகப் பிரிக்கும் பகுதி) உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொற்பிரிப்பாக எடுத்துக்கொண்டு தமிழ்ச் சொல்லைத் துண்டு துண்டாக்கும். கேட்டகரிஸ் என்ற தேர்வில் 'எம்என்', 'எம்சி' என்ற யூனிகோடு இணைகுறி வகைகளையும் சேர்த்தால் சரியாகும்.

எக்செல்லிலிருந்து பொருள் பட்டியல் ஏற்றுவது

கடைக்காரர் கொடுப்பது எக்செல் ஃபைலாகத்தான் இருக்கும். 890-இல் தொடங்கும் 13 இலக்கப் பார்கோடை எக்செல் 8.90123இ+12 என்று சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போயே போய்விடும். சேமிப்பதற்கு முன் அந்தப் பத்தியை எண் வடிவத்துக்கு, தசமம் இல்லாமல், மாற்றச் சொல்லுங்கள். பைத்தானில் திறக்கும்போது என்கோடிங் 'யூடிஎஃப்-8-சிக்'. இல்லாவிட்டால் முதல் தலைப்பின் முன்னால் ஒரு மறைகுறி ஒட்டிக்கொண்டு, 'பெயர்' என்ற பத்தியே இல்லை என்று புரோகிராம் சாதிக்கும்.

நேராகப் பொருள் டேபிளில் ஏற்றாதீர்கள். எல்லா ஃபீல்டும் டெக்ஸ்டாக உள்ள ஒரு தற்காலிக டேபிளில் ஏற்றி, விலை இல்லாதவை, இரட்டிப்புப் பார்கோடு, 13 இலக்கம் இல்லாதவை எல்லாவற்றையும் செலக்ட் போட்டுப் பட்டியலாக எடுத்துக் கடைக்காரரிடம் கொடுங்கள். சரியானபின் மாற்றுங்கள். ஏற்றுவது முழுக்க ஒரே டிரான்சாக்‌ஷனில், பல ரெக்கார்டை ஒரே அழைப்பில் அனுப்பும் எக்ஸிக்யூட்மெனி கொண்டு. எஸ்க்யூலைட் விநாடிக்கு 50,000 இன்சர்ட் செய்யக்கூடியது. ஆனால் நிமிடத்துக்கு 7,200 சுற்று ஓடும் பழைய ஹார்டு டிஸ்கில் விநாடிக்குச் சுமார் 60 கமிட்தான் முடியும், ஒவ்வொரு கமிட்டுக்கும் தட்டு இரண்டு சுற்று வரக் காத்திருக்க வேண்டியிருப்பதால். ஒவ்வொரு இன்சர்டுக்கும் கமிட் போட்டால் 3,000 பொருளுக்கு ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே கமிட் என்றால் கையை எடுப்பதற்குள் முடிந்துவிடும்.

மெதுவாகிறது என்றால்

முதலில் இன்டெக்ஸ் போட ஓடாதீர்கள். கேள்விக்கு முன் 'எக்ஸ்ப்ளெய்ன் குவெரி பிளான்' சேர்த்துப் பாருங்கள். பெரிய டேபிளின் பெயருக்கு முன் 'ஸ்கேன்' என்று வந்தால் முழுதையும் புரட்டுகிறது, 'சர்ச்... யூசிங் இன்டெக்ஸ்' என்றால் நேராகப் போகிறது.

ஃபாரின் கீ எழுதியதாலேயே அந்த ஃபீல்டுக்கு இன்டெக்ஸ் வந்துவிடாது, எஸ்க்யூலைட்டிலும், சர்வர் வகை டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ்ஸிலும். பில்_ஐட்டத்தில் பில் ஐடி, பொருள் ஐடி இரண்டுக்கும் நீங்களே போட வேண்டும். இரண்டு ஃபீல்டு சேர்ந்த இன்டெக்ஸில் சமன் பார்ப்பது முன்னால், வரம்பு பார்ப்பது பின்னால்: ஒரு பொருளின் மூன்று மாத நகர்வு வேண்டுமென்றால் (பொருள், வணிக_நாள்). திருப்பிப் போட்டால் மூன்று மாதத்தின் எல்லாப் பொருளையும் படித்துத்தான் வடிகட்டும். ஃபீல்டின் மேல் ஃபங்ஷன் போட்டாலும் இன்டெக்ஸ் வீண்; ஆண்டு-மாதத்தைப் பிரித்தெடுத்து ஒப்பிடுவதற்குப் பதில், 'வணிக_நாள் >= 2025-09-01 அண்ட் வணிக_நாள் < 2025-10-01' என்று, தேதிகளை மேற்கோள் குறிக்குள் வைத்து, வரம்பாகக் கேளுங்கள்.

டேட்டாபேஸ் வேகமாக இருந்தும் திரை திணறுகிறது என்றால், 50 பில்லைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றின் ஐட்டத்துக்கும் தனித்தனியாகக் கேள்வி அனுப்பிக்கொண்டிருப்பீர்கள். இரண்டு டேபிளையும் இணைக்கும் ஒரே ஜாயினில் எடுங்கள். பழைய பில் பட்டியலில் 'ஆஃப்செட் 50000' போடுவதும் அப்படியே: அத்தனையையும் படித்துத் தூக்கி எறிந்தபிறகுதான் அடுத்த 50 வரும். கடைசியாகக் காட்டிய பில் ஐடியை வைத்து 'ஐடி < ?' என்று கேளுங்கள்.

வடிவத்தை மாற்றும்போது

கடையில் ஓடும் ஃபைலில் நேரடியாகக் கைவைக்க வேண்டாம். 'பிராக்மா யூசர்_வெர்ஷன்' என்ற எண் ஃபைலுக்குள்ளேயே இருக்கிறது, தொடக்கத்தில் 0. அப்ளிகேஷன் திறக்கும்போது அதைப் படித்து, 1-க்கான மாற்றம், 2-க்கான மாற்றம் என்று வரிசையாக ஓட்டி, ஒவ்வொன்றும் முடிந்ததும் எண்ணை ஏற்றட்டும். ஃபீல்டின் வகையை மாற்ற எஸ்க்யூலைட்டில் நேரடி வழி கிடையாது. புது டேபிள் உருவாக்கி, நகலெடுத்து, பழையதை நீக்கி, பெயர் மாற்ற வேண்டும். டிரான்சாக்‌ஷன் தொடங்கும் முன்பே ஃபாரின் கீயை அணைத்துவிட்டு, முடிவில் 'பிராக்மா ஃபாரின்_கீ_செக்' ஓட்டி வெறுமையாக வருகிறதா என்று பார்த்தபின் கமிட் செய்யுங்கள்.

பேக்கப்

ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் ஃபைலை மட்டும் பென்டிரைவில் காப்பி செய்வது பேக்கப் ஆகாது. டபிள்யூஏஎல் முறையில் அண்மைப் பதிவுகள் பக்கத்தில் இருக்கும் '-டபிள்யூஏஎல்' ஃபைலில் இருக்கும்; அதை விட்டுவிட்டு எடுத்தால் இன்றைய பில்கள் வராது. 'வேக்யூம் இன்டு' கட்டளைக்கு ஒரு புதிய ஃபைல் பெயரைக் கொடுங்கள். கடை ஓடிக்கொண்டிருக்கும்போதே முரணில்லாத முழு நகல் கிடைக்கும். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஃபைல் இருந்தால் மறுத்துவிடும் என்பதால் பெயரில் தேதியும் நேரமும் சேருங்கள்.

எடுத்த கையோடு அந்த நகலைத் திறந்து 'பிராக்மா இன்டெக்ரிட்டி_செக்' ஓட்டுங்கள், 'ஓகே' வர வேண்டும். இன்றைய வணிக நாளின் மொத்தத் தொகையை இரண்டிலும் எடுத்து ஒப்பிடுங்கள். ஒரு நகலாவது கடைக்கு வெளியே இருக்கட்டும்.

எப்போது எஸ்க்யூலைட்டை விட்டு நகர வேண்டும்

இரண்டு கவுன்டரும் இரண்டு கணினி என்றால், ஃபைலை ஷேர்டு ஃபோல்டரில் வைத்து இரண்டும் திறப்பது கூடாது. டபிள்யூஏஎல் ஒரே கணினிக்குள் நினைவகத்தைப் பகிர்ந்து வேலை செய்வது. நெட்வொர்க் ஃபைல் சிஸ்டத்தில் அது இயங்காது. பழைய ஜர்னல் முறையிலும் நெட்வொர்க் லாக்குகளை நம்ப முடியாமல் ஃபைல் கெட்டுப்போகும் வாய்ப்பு உண்டு. ஒரு கணினியில் ஃபிளாஸ்க் போன்ற பைத்தான் கருவியால் எழுதிய சிறிய சர்வர் வைத்து, அது மட்டும் ஃபைலைத் தொட, மற்றவை பிரவுசர் வழியாக வரட்டும். பத்துக் கவுன்டர் வரைகூட இது தாங்கும்; ஒரு பில் எழுத சில மில்லி விநாடிதான்.

கிளைகள் பெருகி, பல சர்வர்கள் ஒரே தரவில் எழுத வேண்டிய நாள் வந்தால் போஸ்ட்கிரெஸ். மேலே சொன்ன டேபிள்கள், செக், யூனிக், பில் எண் கட்டளை எல்லாம் சிறு மாற்றங்களோடு அங்கேயும் ஓடும். மாறுவது மூன்று. பிகின் இம்மீடியட் அங்கே இல்லை, படித்து எழுதும் ரெக்கார்டுக்கு 'செலக்ட் ... ஃபார் அப்டேட்' போட வேண்டும். டிரான்சாக்‌ஷனுக்குள் ஒரு கட்டளை தோற்றால் ரோல்பேக் செய்யும்வரை அடுத்த எதையும் அது ஏற்காது. கனெக்‌ஷன்கள் இயல்பாக 100-தான் அனுமதி என்பதால், ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாகத் திறக்காமல் பூல் (திறந்த இணைப்புகளின் தொகுப்பு) வைத்து, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.